எங்க சோடி சரி

நவம்பர் 4, திங்கள்

பெரிய டீச்சர் இன்று மூன்று சாவிகளை என் கையில் கொடுத்தார். விடுதி வாசல், மருந்து அலமாரி, பெட்டி அறை. "ஹெலன் பிரசவத்துக்குப் போயிட்டா. ஏப்ரல் வரைக்கும் நீதான் வார்டன். கணக்குப் பாடத்தையும் விட்டுராத" என்றார். என்னால் முடியாது மேடம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "சரி மேடம்" என்று வந்தது.

முப்பத்தாறு பிள்ளைகள். தீபாவளி லீவு முடிந்து எல்லோரும் வந்துவிட்டார்கள். பன்னிரண்டாம் வகுப்பு தங்கபுஷ்பம் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, ஒரு சிவப்பு ரிப்பனை நீட்டினாள். "சாவிய இடுப்புல சொருகாதீங்க டீச்சர், ஓடும்போது விழுந்துரும். கழுத்துல போட்டுக்கிடுங்க." நான் எதற்கு ஓடப் போகிறேன் என்று கேட்கவில்லை.

பெட்டி அறையைத் திறந்து எண்ணிப் பார்த்தேன். தகரப் பெட்டிகள் முப்பத்தேழு இருந்தன. கூடுதலான பெட்டியின் மேல் வெள்ளை பெயிண்டில் 'ப. மாரிச்செல்வி, 9' என்று எழுதியிருந்தது.

"இது யாரு?"

"போன வருசம் காய்ச்சல்னு வீட்டுக்கு அனுப்புனாங்க டீச்சர்" என்றாள் புஷ்பம்.

"இன்னும் சரியாகலையா?"

பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்: "பிள்ள பொறந்துட்டு டீச்சர்." இரண்டு பேர் சிரித்தார்கள். புஷ்பம் சிரிக்கவில்லை.

நவம்பர் 5, செவ்வாய்

காலை ஆறு மணிக்குச் 'சூடு பார்ப்பது'. இந்தப் பள்ளியில் எப்போதோ ஒரு விஷக் காய்ச்சல் பரவியபோது தொடங்கிய வழக்கமாம். ஒரு பெரிய பிள்ளையும் ஒரு சின்னப் பிள்ளையும் ஒரு சோடி. வராந்தாவில் எதிரெதிராக நின்று, ஒருத்தி கழுத்தில் மற்றவள் புறங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு பெரியவள் சத்தமாக "எங்க சோடி சரி" என்பாள். வார்டன் நோட்டில் டிக் போட வேண்டும். பதினெட்டு சோடி, பதினெட்டு டிக். சரியில்லாத பிள்ளைக்கு மூன்று நாள் மாத்திரை. அதற்குள் குறையாவிட்டால் வீட்டுக்குப் போன் செய்து அனுப்பிவிட வேண்டும். நோட்டின் முதல் பக்கத்தில் பெரிய டீச்சரின் கையெழுத்தில் இந்த விதி இருக்கிறது.

ஆறாம் வகுப்பு இசக்கி என் முன்னால் வந்து நின்று, "டீச்சருக்கு யாரு சூடு பாப்பா?" என்று கேட்டாள்.

"டீச்சருக்கு எதுக்குட்டி, போய் வரிசையில நில்லு" என்று அவள் சோடி இழுத்துக்கொண்டு போனாள்.

நவம்பர் 9, சனி

விடுதிக்குப் பின்னால் எறிபந்து ஆடுகளம் வேண்டும் என்று பிள்ளைகள் இரண்டு வருடமாகக் கேட்கிறார்களாம். என்னிடமும் கேட்டார்கள். நான் பெரிய டீச்சரிடம் கேட்பதற்குப் பயந்து, "நாமே வெட்டிக்கலாமே" என்று சொல்லிவிட்டேன். மழைக்கு இடுப்பு உயரம் வளர்ந்த புல், உண்ணிச் செடி, எருக்கு. காலையிலிருந்து மதியம் வரை என்னோடு சேர்த்து முப்பத்தேழு பேரும் வெட்டினோம். ஒன்பதாம் வகுப்பு சுடலைவடிவு அரிவாளைப் பிடிக்கிற விதமே தனி. மூன்று பேர் வேலையை ஒருத்தியே செய்தாள். வெட்டிப் போட்ட புல்லின் மேலேயே எல்லோரும் உட்கார்ந்து தக்காளிச் சோறு சாப்பிட்டோம்.

"டீச்சர் சிரிச்சுட்டாவ" என்று வடிவு எல்லோருக்கும் அறிவித்தாள்.

இந்த வேலை என் யோசனைதான். அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 10, ஞாயிறு

அம்மா சாத்தூரிலிருந்து பேசினாள். தை பிறந்ததும் பெண் பார்க்க வருகிறார்களாம். "ஒடம்பு கிடம்பு நல்லா இருக்கியாத்தா? முடியலேன்னா வந்துரு. அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டாக."

"நல்லா இருக்கேம்மா."

அப்பா ஒன்றும் சொல்ல மாட்டார் என்பது எனக்குத் தெரியும். எம்.எஸ்.சி. சேர்ந்தபோதும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று மாதம் என்னோடு பேசாமலே இருந்தார்.

நவம்பர் 14, வியாழன்

குழந்தைகள் தினம். கேசரி. இசக்கி இரண்டு முறை வரிசையில் வந்தாள். நான் பார்க்காதது போல இருந்துவிட்டேன்.

நவம்பர் 18, திங்கள்

பதினெட்டு டிக்.

ஒன்று மட்டும் எழுதிவைக்கத் தோன்றுகிறது. புஷ்பத்தின் சோடி வடிவு. புஷ்பம் அவள் கழுத்தில் கையை வைத்தாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் நேரம் கை அங்கேயே இருந்தது. பிறகு "எங்க சோடி சரி" என்று வழக்கத்தைவிடக் கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள். வடிவு தலைக்குக் குளித்திருந்தாள். கழுத்தைச் சுற்றி ஈரத்துண்டு. திங்கட்கிழமை யாரும் தலைக்குக் குளிப்பதில்லை.

டிக் போட்டேன்.

பாவாடை நாடா உரசுகிற இடத்தில் இடுப்பில் எனக்கு ஒரு சின்னப் புண். வலியும் இல்லை, அரிப்பும் இல்லை. நாடாவைத் தளர்த்திக் கட்டிக்கொண்டேன்.

நவம்பர் 19, செவ்வாய்

வராந்தா பெருக்குவது இந்த வாரம் வடிவின் முறை. வேறு பிள்ளைகள் பெருக்கினார்கள். கேட்டதற்கு, "நாங்க முறைய மாத்திக்கிட்டோம் டீச்சர்" என்றார்கள். காலையில் அவள் தட்டில் நான்கு இட்லி வைத்தேன். நான் திரும்பி வருவதற்குள் தட்டு காலி. அவள் பக்கத்தில் இருந்த நான்கு பேரும் என்னைப் பார்க்காமல் வேகமாக மென்றுகொண்டிருந்தார்கள்.

மாலையில் ஒன்பதாம் வகுப்புக் கணக்கு நோட்டுகளைத் திருத்தினேன். வடிவின் வீட்டுப்பாடம் முழுவதும் சரி. ஆனால் ஒரே நோட்டில் மூன்று விதமான ஏழு இருந்தது. ஒரு ஏழுக்கு நடுவில் கோடு, இன்னொன்றுக்கு இல்லை, மூன்றாவது 1-ஐப் போலவே இருந்தது. பத்துக்குப் பத்து போட்டேன். போட்டபோது கை குளிர்ந்து நடுங்கியது. மலையடிவாரம், பனி அதிகம்.

நவம்பர் 20, புதன்

புஷ்பத்தைப் பெட்டி அறைக்குக் கூப்பிட்டேன். அவளை மிரட்ட வேண்டும் என்று நினைத்துத்தான் கூப்பிட்டேன். எனக்கு மிரட்டத் தெரியாது.

"வடிவுக்கு எத்தனை நாளா?"

"என்ன டீச்சர்?"

"புஷ்பம்."

அவள் மாரிச்செல்வியின் பெட்டியைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "ஞாயித்துக்கெழமையில இருந்து. போன வருசம் இவளுக்கு நான்தான் சோடி டீச்சர். நான்தான் சரியில்லன்னு சொன்னேன். உண்மையத்தான சொன்னேன். மூணாவது நாள் அவுங்க அப்பா வந்து கூட்டிட்டுப் போனாரு. சும்மா வைரஸ் காய்ச்சல். ரெண்டு நாள்ல சரியாயிட்டாம். பொறவு எதுக்கு திரும்பப் பள்ளிக்கூடம்னு, போன வருச வைகாசியிலயே மாமனுக்குக் கெட்டி வச்சிட்டாங்க. வடிவுக்கும் மாமன் இருக்காரு. தீபாவளிக்கே பேச்சு வந்துட்டு. போனா வர மாட்டா. எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்துதான் முடிவு பண்ணோம். இசக்கிக்குக்கூடத் தெரியும்."

"காய்ச்சல் கூடிட்டுன்னா?"

"கூடாது டீச்சர். மாத்திரை குடுக்கோம்."

மருந்து அலமாரியின் சாவி என் கழுத்தில் இருந்தது. அதைத் திறந்தால் நோட்டில் எழுத வேண்டும். என் பையிலிருந்த காய்ச்சல் மாத்திரை அட்டையில் பாதியை அவளிடம் கொடுத்தேன். மீதியை எனக்கு வைத்துக்கொண்டேன். தலைவலிக்கு.

அவளைப் போல நானும் நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். பெரிய டீச்சரின் அறைக் கதவைத் தட்டாமல் இருப்பதற்கு எனக்கு ஒரு நல்ல காரணம் கிடைத்திருந்தது. அவ்வளவுதான்.

நவம்பர் 21, வியாழன்

பதினெட்டு டிக். காபி கசக்கிறது. பால் கெட்டுவிட்டதா என்று சமையல் வேலம்மாக்காவிடம் கேட்டேன். எல்லோரும் நன்றாகத்தான் இருக்கிறது என்கிறார்கள்.

நவம்பர் 22, வெள்ளி

பிற்பகல் மூன்றாவது பாடவேளை. கரும்பலகையில் முக்கோணம் வரைந்துகொண்டிருந்தேன். இசக்கி வகுப்பு வாசலில் நின்றாள். அனுமதி கேட்கவில்லை. "டீச்சர், வடிவக்கா யாரையும் தெரியலங்கா."

விடுதிக்கு ஓடினேன். சாவிகள் நெஞ்சில் அடித்துக்கொண்டன.

வடிவு பாயில் உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது. மூச்சு நாய்க்குட்டியின் மூச்சைப் போல வேகமாக ஓடியது. என்னைப் பார்த்து, "அரிவாளக் குடும்மா, நான் அறுக்கேன்" என்றாள். புஷ்பம் அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, "டீச்சர், நான் கொன்னுட்டேனா? டீச்சர், நான் கொன்னுட்டேனா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

பெரிய டீச்சரின் கதவைத் தட்டவில்லை. தள்ளித் திறந்தேன். "வடிவுக்கு ஆறு நாளா காய்ச்சல் மேடம். எனக்கு மூணு நாளா தெரியும்."

அவர் என்னைத் திட்டவில்லை. மேசையிலிருந்து ஜீப் சாவியை எடுத்தார். வழியெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டே ஓட்டினார். பின்சீட்டில் வடிவின் தலை என் மடியில் இருந்தது. அவள் கழுத்தில் புறங்கையை வைத்தேன். எனக்குச் சூடே தெரியவில்லை. குறைந்துவிட்டது போல என்று ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டேன்.

பெரியாஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டரம்மா. வடிவைப் பார்த்ததும் முதல் கேள்வியாக, "புல்லு, புதர் எங்கயாவது போனீங்களா?" என்று கேட்டார். பாவாடையைத் தளர்த்தச் சொல்லித் தேடினார். தொடையின் மேல்புறம் சிகரெட்டால் சுட்டது போலக் கறுத்த பொருக்கு. "உண்ணிக் காய்ச்சல். புதர்ல இருக்கிற கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி கடிச்சு வர்றது. சீக்கிரம் வந்திருந்தா மாத்திரையிலயே போயிருக்கும். இப்ப நுரையீரல் வரைக்கும் போயிருக்கு. இந்தக் கடி வலிக்காது, அரிக்காது. அதனால யாரும் கவனிக்க மாட்டாங்க. கூட வேலை செஞ்ச எல்லாரையும் பாத்துருங்க."

"பிழைச்சுருவாளா டாக்டர்?" என்று பெரிய டீச்சர் கேட்டார்.

"நாளைக்குக் கேளுங்க."

நவம்பர் 23, சனி

காலை ஐந்தரை மணிக்கே பெரிய டீச்சரின் வீட்டு வாசலில் நின்றேன். காய்ச்சல் கண்ட எல்லாப் பிள்ளையையும் இன்று கண்டுபிடித்தாக வேண்டும். மறைத்தால் இன்னொரு வடிவு. மறைக்காமல் இருக்க அவர்களுக்கு ஒரு காரணம் வேண்டும். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். அவரைப் பார்த்ததும் மறந்துவிட்டது.

"வீட்டுக்கு அனுப்ப மாட்டோம்னு சொல்லுங்க மேடம். நீங்களே சொல்லணும்."

"பிள்ளைக்கு ஒண்ணுன்னா அப்பன்ட்ட யாரு பதில் சொல்லுவா? நீயா?"

"ஆமா மேடம்."

அவர் கதவை முழுவதும் திறந்தார். "உனக்குக் குளிருதாம்மா? இப்படி நடுங்குத."

"பயம் மேடம்" என்றேன். அதுவும் உண்மைதான்.

வராந்தாவில் அவரே நின்றார். நோட்டின் முதல் பக்கத்தைக் கிழிக்கவில்லை. கடைசி வரியைப் பிள்ளைகள் பார்க்க அடித்து, வேறு எழுதி, வாசித்தார். "காய்ச்சல் வந்த பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவோம். பெற்றோர் இங்கு வந்து பார்க்கலாம்." பிறகு, "மாரிச்செல்விய அனுப்புனது நான்தான். எனக்குத் தெரியும்" என்றார். சொல்லிவிட்டுத் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புறங்கைகள் கழுத்துக்குப் போயின. எட்டாவது சோடி வரை எல்லோரும் சரி என்றார்கள். ஒன்பதாவதாக நின்ற பதினொன்றாம் வகுப்புப் பிள்ளை வாயைத் திறந்து மூடினாள். அவளுடைய சோடி இசக்கி. இசக்கியே சொன்னாள்: "எங்க சோடி சரியில்ல டீச்சர். எனக்கு நேத்துல இருந்து." அதன் பிறகு இன்னும் இரண்டு சோடி.

குளியலறையில் ஒவ்வொருத்தியாகப் பார்த்தேன். முப்பத்தைந்து பேர். கூச்சப்பட்டவர்களுக்காகப் பிள்ளைகளே போர்வையைத் திரையாகப் பிடித்துக்கொண்டார்கள். இசக்கிக்கு அக்குளில் பொருக்கு. இன்னொருத்திக்கு முழங்கால் மடிப்பில். மூன்றாவது பிள்ளைக்குச் சாதாரணச் சளி. மூவரையும் ஜீப்பில் ஏற்றினோம். இரண்டு பேருக்கு மாத்திரை தொடங்கி, மூவரையும் விடுதிக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். மாலையே இசக்கி பிஸ்கட் கேட்டாளாம்.

எல்லோரையும் பார்த்துவிட்டேன். குளியலறை பல்பு கடைசியில் மினுக்கிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்துக்கொள்ள நேரமில்லை.

நவம்பர் 24, ஞாயிறு

வடிவுக்கு ஆக்ஸிஜன் வைத்திருக்கிறார்கள். கண் திறந்தாள். புஷ்பத்தை அடையாளம் தெரிந்தது.

அவளுடைய அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நல்லாயிட்டா கூட்டிட்டுப் போயிருதோம். படிச்சு கிழிச்சது போதும். நம்பித்தான விட்டோம்."

நம்பித்தான் விட்டார். அதற்குப் பதில் சொல்கிறேன் என்று நேற்று நான்தான் சொன்னேன். எழுந்து நின்றேன்.

"என் தப்புண்ணே. எனக்குத் தெரிஞ்சும் மூணு நாள் சொல்லல. அவ ஏன் மறைச்சான்னா, வீட்டுக்குப் போனா திரும்ப வர முடியாதுன்னு பயந்தா. காய்ச்சலுக்குப் பயப்படல, அதுக்குத்தான் பயந்தா."

அவர் என்னை அடித்துவிடுவாரோ என்று நினைத்தேன். அவர் வெளியே போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். அம்மா அங்கேயே நின்றாள். பீடி சுற்றித் தேய்ந்த விரல்களால் மகளின் கால் நகத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். மெதுவாக, கதவைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "அரைப் பரீச்ச என்னைக்கு டீச்சர்?"

"டிசம்பர் பதினாறு."

"அதுக்குள்ள எந்திச்சுருவாள்லா?"

எங்கள் அம்மாவும் போனில் பேசினாள். நல்லா இருக்கேன் என்றேன்.

நவம்பர் 25, திங்கள்

கையெழுத்து சரியாக வரவில்லை. பரவாயில்லை.

காலையில் நோட்டோடு வராந்தாவில் நின்றேன். தூணில் சாய்ந்துகொண்டேன். வரிசை இரண்டு மூன்றாகத் தெரிந்தது. சோடிகள் எதிரெதிராக நின்றன. புஷ்பத்துக்குச் சோடி இல்லை, வடிவு ஆஸ்பத்திரியில். அவள் தனியாக வரிசையின் கடைசியில் நின்றாள். பிறகு வரிசையை விட்டு விலகி நடந்து வந்தாள். என் எதிரே நின்றாள்.

"எனக்குச் சோடி இல்ல டீச்சர். ஒங்களுக்கும் இல்ல."

"புஷ்பம், போய் நில்லு."

கையை நீட்டிவிட்டாள். அவளுடைய புறங்கை என் கழுத்தில் ஐஸைப் போல இருந்தது. அவள் எடுக்கவில்லை. வராந்தாவில் முப்பது பிள்ளைகளுக்கு மேல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேண்டாம் என்று கண்ணால் சொன்னேன். டிசம்பரோடு என் தகுதிகாண் காலம் முடிகிறது. லீவு போட்டால் வீட்டுக்குத் தெரியும். வீட்டுக்குத் தெரிந்தால் அப்பா பஸ் ஏறுவார், ஒன்றும் சொல்லாமல். தை வரும். என் பெட்டியும் அந்த அறையில்தான் இருக்கிறது. இதையெல்லாம் நான் யாரிடமும் சொன்னதில்லை. அவளிடம் சொல்லத் தேவையில்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

"நான் போன வாட்டி உண்மையச் சொன்னேன், ஒருத்தி போயிட்டா. இந்த வாட்டி பொய் சொன்னேன், ஒருத்தி சாகப் பாத்தா" என்றாள். அழுதுகொண்டே வரிசையின் பக்கம் திரும்பி, சத்தமாகச் சொன்னாள்: "எங்க சோடி சரியில்ல."

நோட்டை அவளே பிடித்துக்கொண்டாள். பெயரை நான்தான் எழுதினேன். பொன்னுத்தாய், வார்டன். முதல் நாள் பத்தொன்பது என்று எழுதினேன். அதாவது காய்ச்சல் தொடங்கிய தேதி. அதற்கு முன்பே இடுப்பில் புண் இருந்ததையும் எழுதினேன்.

சாவிகளைக் கழற்றிப் புஷ்பத்தின் கழுத்தில் போட்டேன். ஜீப்பில் ஏறும்போது ஒரு பிள்ளை என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். நான்கைந்து பேர் சேர்ந்து அவளை மறித்தார்கள்.

"ஏட்டி, அது எதுக்கு? உள்ள வையி."

நவம்பர் 28, வியாழன்

இன்றுதான் பேனா பிடிக்க முடிகிறது.

என் கட்டில் வடிவின் கட்டிலுக்கு அடுத்தது. ஆக்ஸிஜனை நேற்று எடுத்துவிட்டார்கள். அவளுடைய அம்மா இருவருக்கும் சேர்த்துக் கஞ்சி ஆற்றுகிறாள். அப்பா ஒரு முறை வந்து, கட்டிலின் கால்மாட்டில் நின்று, அவளுடைய கணக்குப் புத்தகத்தை வைத்துவிட்டுப் போனார். யார் கேட்டார்கள் என்று தெரியவில்லை.

எங்கள் வீட்டுக்குப் பெரிய டீச்சரே போன் செய்துவிட்டார். பெற்றோர் இங்கு வந்து பார்க்கலாம் என்றாராம். நாளை வருகிறார்கள். பயமாகத்தான் இருக்கிறது.

காலை ஆறு மணிக்கு வடிவு விழித்தாள். ஊசி குத்திய கையை அசைக்காமல் இன்னொரு கையைக் கட்டில்களுக்கு நடுவில் நீட்டினாள். எட்டவில்லை. நான் நகர்ந்து படுத்தேன். புறங்கை என் கழுத்துக்கு வந்தது. நான் அவள் கழுத்தில் வைத்தேன்.

"என்ன சொல்ல?" என்றேன்.

அவள் யோசித்தாள். "இன்னும் கொஞ்சம் இருக்கு டீச்சர்" என்றாள். "ரெண்டு பேருக்கும்."